புதுத் தொட்டியின் கண்ணாடியில் முளைப்பவை

புதிதாக மீன்தொட்டி வைத்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஒரே கவலையோடு வருகிறார்கள். கண்ணாடியில் என்னவோ வளர்கிறது. பழுப்பாகப் பூசினாற்போல ஒன்று, வெள்ளை நூல்போல ஒன்று, நகத்தால் சுரண்டினாலும் போகாத பச்சைப் பொட்டு ஒன்று. இது என்ன, மீனுக்கு ஆகாதா, எதை ஊற்றினால் போகும் என்று மூன்று கேள்விகள் அந்தக் கவலைக்குள் இருக்கின்றன. முதல் கேள்விக்கு விடை தெரியாமலேயே மூன்றாவதுக்குத் தாவிவிடுகிறோம். பாசி மருந்தை ஊற்றுகிறோம், தொட்டியைக் கவிழ்த்துக் கழுவுகிறோம், ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து அலசுகிறோம். கண்ணாடியில் வளர்வது மீனைக் கொல்வது அபூர்வம். புதுத் தொட்டியில் மீன் சாவதற்கு இந்த அவசரமே பெரிய காரணம் என்பது என் முடிவு.

பாசி பற்றிய கையேடுகள் பெரும்பாலும் ஏதோ ஒரு ஊர்க் குழாய்த் தண்ணீரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கேரளத்தின் தமிழ் பேசும் எல்லைப் பகுதிகளில் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறுகிறது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் இருக்கும் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம், கேரளத்தின் மற்ற இடங்களைவிட மழை குறைவு. பல வீடுகளுக்குப் போர்வெல்தான் கதி. அந்தத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். சில கிணறுகளில் ஃபுளூரைடு குடிநீருக்கான லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரம்பையே தாண்டுகிறது. இதற்கு நேர் எதிர் இடுக்கியின் கிழக்கு மலை. சுமார் 1,500 மீட்டரிலும் அதற்கு மேலும் இருக்கும் மூணாறு, தேவிகுளம் எஸ்டேட் லயங்களுக்கு ஓடையிலிருந்து ஓஸ் போட்டுக் கொண்டுவரும் தண்ணீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு. குளிர்ந்த, மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட தண்ணீர் அது.

ஆகவே ஒன்றை அடையாளம் காண உட்காரும்போது, நிறத்தையும் வடிவத்தையும் பார்க்கும் முன்பு, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். ஆழத்திலிருந்து வரும் போர்வெல் தண்ணீர் உப்புகளைக் கொண்டுவரும். உயிர்களை அதிகம் கொண்டுவராது. ஓடைத் தண்ணீரும், ஆழியாற்றிலிருந்து சித்தூர் வாய்க்கால்களுக்கு வரும் தண்ணீரும் உயிர்களையும் அவற்றின் முட்டை, வித்துகளையும் அள்ளிக்கொண்டு வரும். கொழிஞ்சாம்பாறைத் தொட்டியில் தெரியும் வெள்ளைப் படிவு பாதிக்கு மேல் கல்லாக இருக்கும். மூணாற்றுத் தொட்டியில் தெரியும் வெள்ளைப் பொட்டு பெரும்பாலும் உயிருள்ள ஒன்று.

தாதுப் படிவுகளை முதலில் ஒதுக்கிவிடலாம். நீர்மட்டத்தை ஒட்டி வெள்ளைக் கோடு, விரலால் தேய்த்தால் சொரசொரப்பு. கொஞ்சம் சுரண்டித் தொட்டிக்கு வெளியே ஒரு தட்டில் வைத்து எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டால் பொங்கும். அது சுண்ணாம்புப் படிவு. மீனுக்கு அதனால் ஒன்றுமில்லை. இரும்பு கலந்த தண்ணீரில் வேறு மாதிரி நடக்கும். கேரளத்தின் செம்மண், செங்கற்பாறை நிலக் கிணறுகளில் இது சகஜம். கண்ணாடியில் துருநிறத்தில் கொழகொழப்பான படிவம் வரும். நீர்மேல் எண்ணெய்போல வானவில் நிறத்தில் ஓர் ஏடு மிதக்கும். ஒரு குச்சியால் அந்த ஏட்டைக் கிழித்துப் பாருங்கள். எண்ணெயாக இருந்தால் கிழிந்த இடம் உடனே கூடிவிடும். இரும்பு பாக்டீரியாக்களின் ஏடாக இருந்தால் சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நிற்கும்.

பழுப்புக்கு வருவோம். புதுத் தொட்டியில் முதலில் வருவது அநேகமாக எப்போதும் இதுதான். விரலை வைத்து இழுத்தால் மாவுபோல எளிதாக வழித்துக்கொண்டு வரும், விரல் பட்ட தடம் தெளிவாகத் தெரியும். இவை டயட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசிகள். சிலிக்காவால், அதாவது கண்ணாடியின் அதே மூலப்பொருளால், தங்களுக்கு ஓடு கட்டிக்கொள்பவை. பாலக்காட்டிலும் சரி, இடுக்கியிலும் சரி, கருங்கல் பாறையில் ஊறிவரும் நீரில் சிலிக்கா கரைந்திருப்பது இயல்பு. புது மணல், புதுக் கண்ணாடி, இன்னும் வேர்பிடிக்காத செடிகள் என்று போட்டிக்கு யாரும் இல்லாத நாட்களில் இவை முந்திக்கொள்கின்றன. மனு பிரகாஷ் குழுவினர் 2014-இல் அறிமுகப்படுத்திய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி இப்போது பல பள்ளிகளில் இருக்கிறது. அதன்கீழ் ஒரு துளி வழிசலை வைத்தால், பொன்பழுப்பு நிறப் படகுகள் தாமாகவே வழுக்கி முன்னும் பின்னும் போவது தெரியும். பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த வகை உயிர்களுடையது. தொட்டியில் சில வாரங்கள் இருந்துவிட்டு, மற்றவை வளரத் தொடங்கியதும் பெரும்பாலும் தாமாகவே ஒடுங்கிவிடும். துணியால் துடைத்தால் போதும், மருந்து வேண்டியதில்லை.

அடுத்தது வெள்ளை. புது மரக்கட்டையின்மேலும், கண்ணாடி மூலைகளில் சிலிக்கான் ஒட்டிய இடங்களிலும் சளிபோல, பஞ்சுபோல ஒன்று படரும். தண்ணீரும் பால் கலந்தாற்போல மங்கும். கரைந்து வரும் சர்க்கரை, பசைப் பொருள்களைத் தின்று பெருகும் பாக்டீரியாவும் பூஞ்சையும்தான் அது. நத்தைகளும் இறால்களும் அதை விரும்பி மேயும். ஓரிரு வாரத்தில் அடங்கும். உள்ளூர்க் கண்ணாடிக் கடையில் தொட்டி செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளியலறைக்கு என்று விற்கும் சிலிக்கானில் பூஞ்சை பிடிக்காமலிருக்க நஞ்சு கலந்திருக்கும். அதைத் தொட்டிக்குப் பயன்படுத்தக்கூடாது.

கண்ணுக்குத் தெரியும் இந்த வெள்ளையைவிடக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வளர்ச்சிதான் தொட்டியின் உயிர். கண்ணாடி, மணல், ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றின்மேலும் மெல்லிய படலமாக நைட்ரஜன் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக்க, இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்குகிறது. இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையில் முன்நிற்பவை நைட்ரோஸ்பைரா வகையினம் என்று 1998-இல் டிமோத்தி ஹோவனெக் குழுவினர் காட்டினார்கள். அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் ஒரே பாக்டீரியா செய்துவிட முடியும் என்பது 2015-இல்தான் தெரியவந்தது. அந்தக் கண்டுபிடிப்புகளில் ஒன்று மீன்வளர்ப்புத் தொட்டி ஃபில்டரிலிருந்து வந்தது. இந்தப் படலம் நிலைபெற வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கண்ணாடியில் விநோதமான வளர்ச்சிகள் தோன்றுவதும் இதே வாரங்களில்தான். அதனாலேயே குழப்பம். மீன் துவண்டு கிடக்கும், கண்ணாடியில் பழுப்பு இருக்கும். பழியைப் பழுப்பின்மேல் போட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவோம். கொல்வது அம்மோனியா, கழுவித் தள்ளியது அதைத் தின்னவந்த பாக்டீரியாவை.

இங்கே சமவெளிக்கும் மலைக்கும் உள்ள வேறுபாடு உயிர்போகும் விஷயமாகிறது. தண்ணீரிலுள்ள அம்மோனியா முழுவதும் நஞ்சல்ல. அதில் ஒரு பகுதிதான் மீனின் செவுளை எரிக்கும் வடிவில் இருக்கும். அந்தப் பங்கைத் தீர்மானிப்பவை பி.எச். அளவும் வெப்பமும். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பி.எச். 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டும். அதே பி.எச். 8-இல் தண்ணீர் 30 டிகிரிக்குச் சூடானால் 7 சதவீதத்துக்கு மேல். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, காரத்தன்மை கொண்ட போர்வெல் தண்ணீர்த் தொட்டி இந்தக் கணக்கில்தான் மாட்டுகிறது. வெந்நீரில் கரைந்த ஆக்சிஜனும் குறைவு. ஆகவே கொழிஞ்சாம்பாறைக்காரர் புதுத் தொட்டியைக் கோடையில் தொடங்கினால் மீனைக் குறைத்து, தீனியைக் குறைத்து, தண்ணீரை அடிக்கடி சிறிது சிறிதாக மாற்றியே ஆகவேண்டும்.

மூணாற்றில் ஆபத்து வேறு திசையிலிருந்து வரும். அமிலத் தண்ணீரில் அம்மோனியா அவ்வளவு கடிக்காது. ஆனால் குளிரில் பாக்டீரியா மெதுவாகவே பெருகும், பி.எச். 6-க்குக் கீழே போனால் அதன் வேலை அநேகமாக நின்றுபோகும். அந்த வேலையே தண்ணீரின் காரத்தைத் தின்னக்கூடியது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய 7 கிராம் சுண்ணாம்புக்கு நிகரான காரம் செலவாகிறது. கையிருப்பே இல்லாத ஓடைத் தண்ணீரில் பி.எச். சரிந்துகொண்டே போகும். நான்கு வாரத்தில் முடிய வேண்டியது மாதக்கணக்கில் இழுக்கும். பழுப்பும் வெள்ளையும் மறையாமல் நிற்கும். ஃபில்டரில் ஒரு கைப்பிடி சிப்பி ஓட்டுத் துண்டுகள் போடுவது அங்கே எந்தப் பாசி மருந்தையும்விட நல்ல மருந்து. பல பாசி மருந்துகளில் இருப்பது தாமிரம். மென்மையான தண்ணீரில் தாமிரத்தின் நஞ்சு இன்னும் கடுமையாகும். இறாலும் நத்தையும் முதலில் போகும். மலைவாசிகள் அந்தக் குப்பியைத் தொடாமலிருப்பதே நல்லது.

பச்சையைப் பிரித்தறிவது எளிது. நாணயம்போல வட்டமாக, கெட்டியாக, பிளேடு போட்டுச் சுரண்டினால் மட்டும் வருபவை புள்ளிப்பாசி. தேவைக்கு மேல் விளக்கெரியும் தொட்டிகளில், பாஸ்பேட் குறையும்போது வரும். தூள்போலப் படிந்து, துடைத்த மறுநாளே திரும்பிவருவது தூசிப்பாசி. அதன் வித்துகள் நீந்தக்கூடியவை. துடைத்தால் தண்ணீரில் கலைந்து மீண்டும் கண்ணாடியில் உட்காரும். சில வாரங்கள் தொடாமல் முற்றவிட்டு ஒரேயடியாக வழித்தெடுப்பவர்கள் ஜெயிக்கிறார்கள். தண்ணீரே பச்சையானால் அது நீந்தும் பாசி. ஜன்னல் வெயில் படும் இடத்திலிருந்து தொட்டியை நகர்த்துங்கள். இந்த நீந்தும் பாசிகளில் ஒரு பெரும் பிரிவைப் பற்றி விரிவாக எழுதியவர்களில் ஒருவர் சென்னைக்காரர். இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார், தென்னிந்தியக் குளங்களின் வால்வாக்ஸ் இனங்களை ஆராய்ந்து 1933-இல் வெளியிட்டார். நம் ஊர்க் குட்டைத் தண்ணீர்தான் அவருக்கு ஆய்வுக்கூடம்.

பாசி என்று பெயர் பெற்றும் பாசியாக இல்லாதது நீலப்பசும்பாசி. கவலைப்பட வேண்டியவற்றில் இதற்கே முதலிடம். கரும்பச்சை அல்லது நீலம் கலந்த வழுவழுப்பான விரிப்பாக மணலையும் கண்ணாடியின் அடிவிளிம்பையும் மூடும். விரலால் தூக்கினால் தோல்போல முழுசாக உரிந்து வரும். மூக்கருகே கொண்டுபோனால் சேற்று நாற்றம். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் வேறெதுவும் இல்லை. இது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி 1959-இல் வெளியிட்ட ‘சயனோஃபைட்டா’ நூல் இந்த இனங்களை அடையாளம் காண இன்றும் ஆய்வாளர்கள் கையில் இருக்கிறது. நீரோட்டம் படாத மூலைகளிலும், அழுகிய தீனி தேங்கிய மணலிலும் இது வேரூன்றும். உறிஞ்சுகுழாயால் எடுத்துவிட்டு, தொட்டியை மூன்று நான்கு நாள் போர்வையால் மூடி இருட்டாக்கி, காற்றுக்குமிழை மட்டும் ஓடவிட்டால் பெரும்பாலும் அடங்கும். எரித்ரோமைசின் மாத்திரையைப் பொடித்துப் போட்டால் ஒரே வாரத்தில் போய்விடும் என்று சொல்வார்கள். போகும்தான். ஆனால் மனிதருக்கான ஆன்டிபயாட்டிக்கை அழகுத் தொட்டியில் கரைத்து, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்கக் கேரள அரசு 2018-இல் தனிச் செயல்திட்டமே வகுத்திருக்கிறது. அந்தக் கவலையில் மீன் வளர்ப்பவர்களுக்கும் பங்கு உண்டு.

கருப்புத் தாடிபோலக் குழாய்முனையிலும் கண்ணாடி விளிம்பிலும் வளர்வது உண்மையில் சிவப்புப் பாசி. ஒரு கொத்தைப் பிய்த்து ஸ்பிரிட்டில் போட்டால் பச்சை கரைந்து சிவப்பு வெளிப்படும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் கற்களில் இதன் உறவுகள் இயல்பாகவே வாழ்கின்றன.

இனி விலங்குகள். ஓடைத் தண்ணீரோ, குளத்துச் செடியோ, வயலில் அள்ளிய பாசியோ தொட்டிக்குள் போனால் இவை வரும். இவற்றைப் பற்றி நமக்கு ஒரு பழைய வழிகாட்டி இருக்கிறது. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருந்த நெல்சன் அன்னண்டேல் 1911-இல் வெளியிட்ட நூல், நன்னீர்ப் பஞ்சுயிரிகள், ஹைட்ரா இனங்கள், பிரையோசோவாக்கள் மூன்றையும் பற்றியது. தொட்டிக் கண்ணாடியில் ஒட்டி வளர்ந்து நம்மைக் குழப்பும் விலங்குகளின் பட்டியலே ஏறக்குறைய அதுதான். 1916-இல் இந்திய விலங்கியல் ஆய்வகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநரும் அவரே. திருவிதாங்கூரில், செங்கோட்டைக் கணவாய்க்கு மேற்கே இருக்கும் தென்மலையில் ஒரு புதிய பஞ்சுயிரி இனத்தையே அவர் கண்டெடுத்திருக்கிறார். ஆகவே மலையடிவார ஓடைநீர் ஊற்றிய தொட்டியில் மஞ்சளாகவோ பச்சையாகவோ, துளைகளோடு, தொட்டால் நறநறக்கும் ஒரு பொருக்கு வளர்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அது பஞ்சுயிரி, தண்ணீரை வடிகட்டித் தின்னும் சாதுவான விலங்கு. அதன் சிலிக்கா முட்கள் தோலை அரிக்கும், கண்ணில் படக்கூடாது. வெறும் கையால் தேய்க்காதீர்கள். இலை நரம்புபோலக் கிளைகிளையாகப் பழுப்புக் குழாய்கள் கண்ணாடியில் ஓடினால் பிரையோசோவா. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு குழாய் நுனியிலும் கண்ணாடி இழைகளால் ஆன ஒரு கிரீடம் விரிந்திருக்கும். தொட்டியைத் தட்டியதும் உள்ளே போய்விடும்.

எல்லோரும் பயப்படுவது ஹைட்ராவுக்குத்தான். பள்ளிப் புத்தகத்தில் படம் வரைந்தவர்கள் நேரில் பார்த்ததும் அடையாளம் தெரியாமல் நிற்கிறார்கள். இரவில் விளக்கணைத்து டார்ச்சைக் கண்ணாடியின் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரு தண்டு, அதன் நுனியில் தலைமுடியைவிட மெல்லிய சில கைகள், நீரோட்டத்தில் அசைந்துகொண்டிருக்கும். ஈர்க்குச்சி நுனியால் தொட்டால் நொடியில் ஒரு பொட்டாகச் சுருங்கும்; சற்று நேரம் பொறுத்தால் மெல்ல நீண்டு மறுபடி கைவிரிக்கும். இதே சுருங்கும் பழக்கம் வோர்ட்டிசெல்லா என்னும் நுண்ணுயிருக்கும் உண்டு. ஆனால் அது வெறும் கண்ணுக்கு வெள்ளைப் பூஞ்சைப் பொட்டாகத்தான் தெரியும், கைகள் இருக்காது. ஹைட்ராவை நகத்தால் நசுக்கித் தேய்ப்பது பயனற்றது. வெட்டிய ஒவ்வொரு துண்டும் முழு உயிராக வளர்வதை ஆபிரகாம் டிரெம்ப்ளே 1740-களிலேயே நெதர்லாந்தில் செய்து காட்டி, 1744-இல் நூலாக வெளியிட்டார். பெரிய மீனை இது ஒன்றும் செய்யாது. புதிதாய்ப் பொரித்த மீன்குஞ்சும் இறால்குஞ்சும் இருந்தால் மட்டுமே ஆபத்து. குஞ்சுத் தீனியான ஆர்ட்டீமியாவை அள்ளிப் போடும் தொட்டிகளில் ஹைட்ரா பெருகுகிறது. தீனியைக் குறைத்தால் குறைகிறது. கௌராமி மீன்கள் பிடித்துத் தின்னும். ஆட்டுமாட்டுக்குப் பூச்சிமருந்தாகத் தரும் ஃபென்பெண்டசோல் ஹைட்ராவைக் கொல்லும், ஆனால் சில நத்தை வகைகளையும் சேர்த்தே கொல்லும். குஞ்சு வளர்க்காதவர்கள் அதைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

முக்கோணத் தலையும் இரண்டு கண்பொட்டும் கொண்டு, நெளியாமல் வழுக்கிப் போவது பிளனேரியா. நூல்போல நெளிந்து நீந்துவது சாதாரணச் சேற்றுப்புழு. இரண்டும் தீனி அதிகம் என்பதற்கு அடையாளம். தெளிந்த ஜெல்லிக்குள் புள்ளிகள் அடுக்கியிருந்தால் நத்தை முட்டை. கண்ணாடியில் தனித்தனியாக உருண்டை உருண்டையாக ஒட்டியிருந்தால் கோரிடோரஸ் போன்ற மீனின் முட்டையாக இருக்கலாம், துடைத்துவிடாதீர்கள். வயல் நத்தைகளைத் தொட்டிக்குள் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் குளங்களின் வட்டச்சுருள் நத்தையான இண்டோபிளனார்பிஸ் கால்நடைகளின் இரத்தப்புழுக்களைச் சுமக்கக்கூடியது. அந்தப் புழுக்களின் இளம்பருவம் மனிதத் தோலில் கடும் அரிப்பை உண்டாக்கும்.

பாசிக்காகக் கடையில் கைகாட்டும் மீன் ‘சக்கர்’ அல்லது ‘டேங்க் கிளீனர்’. சிறுவிரல் அளவில் வாங்குவது ஓர் அடியையும் தாண்டி வளரும். வைக்க இடமில்லாமல் ஆற்றில் விட்டவர்களால் இன்று தமிழ்நாட்டு, கேரள நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. நம் ஓடைக் கற்களிலேயே பாசி மேயும் கல்லொட்டி மீன்கள் உண்டு, பெரியாற்றில் மட்டும் வாழும் இனங்களும் உண்டு. ஆனால் இரவிகுளம், சின்னார், பெரியாறு காப்பிடங்களிலிருந்து எதையும் எடுப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஒரு பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பு எந்த மீனைவிடவும் நன்றாகக் கண்ணாடியைச் சுரண்டும்.

சுரண்டியதையும் மாற்றிய தண்ணீரையும் எங்கே கொட்டுகிறோம் என்பதும் இந்தக் கேள்வியின் பகுதிதான். மீன்தொட்டிச் செடியாக வந்த கபோம்பா, 2020-இல் கோழிக்கோடு பேராம்பிரா அருகே ஆவளப்பாண்டி தோட்டை மூடி இளஞ்சிவப்பாகப் பூத்தபோது பார்க்கக் கூட்டம் திரண்டது. அடியில் இருந்த நீர்வாழ் செடிகளுக்கு வெளிச்சம் இல்லாமல் போனது அவ்வளவாகப் பேசப்படவில்லை. பஞ்சுயிரி, பிரையோசோவாக்களின் வித்துகள் காய்ந்தாலும் சாகாதவை. மூணாற்றுச் சாக்கடை முத்திரப்புழை வழியே பெரியாற்றுக்குப் போகிறது. மறையூரில் விட்டது பாம்பாறு வழியே அமராவதிக்கும், சித்தூரில் விட்டது பாரதப்புழைக்கும் போய்ச்சேரும். எனவே தொட்டித் தண்ணீரை ஓடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் தென்னம்பாத்தியிலும் காய்கறிச் செடியிலும் ஊற்றுங்கள். பாக்டீரியா உண்டாக்கிய நைட்ரேட் அங்கே நல்ல உரம்.